அடுப்புக்கு ஒரு நாள் விடுமுறை

பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு அடுப்பு மூட்டாமல் செய்யும் பலகாரங்கள் பற்றிப் போன மாதம் இந்தப் பக்கத்தில் இரண்டே வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால், இந்த இதழ் முழுவதையும் அதற்கே கொடுத்தால்தான் சரி என்று பட்டது.

கேள்வி: அடுப்பே மூட்டாமல் இருபது பிள்ளைகளுக்குப் பலகாரமா? நடக்கிற காரியமா அக்கா?
*ஓர் அம்மா, திருச்சி*

நடக்கும். நெருப்பு வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது; நம் வீட்டில் முடியவில்லை, அவ்வளவுதான். நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்துத் தட்டினால் அவல். அரிசி சூட்டில் வெடித்தால் பொரி. கடலையை வறுத்துத் தோல் நீக்கினால் பொட்டுக்கடலை. பிஸ்கட்டும் ரொட்டியும் பேக்கரி அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தவை. இவற்றோடு பேரீச்சை, உலர்ந்த தேங்காய்த்துருவல், கண்டென்ஸ்டு மில்க், வாழைப்பழம் இருந்தால் போதும். மளிகைக் கடைக்கு ஒரு நடை போய் வந்தால் பாதி விருந்து முடிந்தது.

இருபது பேருக்கு என் கணக்கு: தேங்காய் உருண்டை ஒன்று, காரத்துக்கு மசாலாப் பொரி, ஒரு தட்டு நிறையப் பழம், குடிக்க நீர்மோர். தேங்காய் உருண்டைக்கு 200 கிராம் உலர்ந்த துருவல், 400 கிராம் டப்பாவில் பாதி கண்டென்ஸ்டு மில்க், இரண்டு சிட்டிகை ஏலக்காய்ப் பொடி. பாலை ஒரேயடியாகக் கொட்டாதீர்கள். முக்கால் பங்கு ஊற்றிப் பிசைந்து, உருண்டை பிடிக்க வருகிறதா என்று பார்த்து மீதியைச் சேருங்கள். நெல்லிக்காய் அளவில் இருபது வரும். பச்சைத் தேங்காயைத் துருவிப் போட்டால் ருசி கூடும், ஆனால் வெயில் நாளில் சாயங்காலத்துக்குள் சிக்கு வாடை வந்துவிடும். விருந்துக்கு உலர்ந்ததே நம்பகம்.

கேள்வி: என் மனைவிக்கு அன்று இரவுப் பணி. மகளின் ஏழாவது பிறந்தநாளுக்குப் பலகாரப் பொறுப்பு என் தலையில். எனக்கு டீ போடத்தான் தெரியும். என்ன செய்யட்டும்?
*ஓர் அப்பா, ஓசூர்*

டீ போடத் தெரிந்தவருக்கு மேரி பிஸ்கட் சுருள் தாராளமாக வரும். முதல் நாள் இரவே செய்யலாம் என்பது இதன் பெரிய வசதி.

200 கிராம் மேரி பிஸ்கட்டை ஒரு கனமான கவரில் போட்டுச் சப்பாத்திக் கட்டையால் உருட்டிப் பொடியாக்குங்கள். மகளை விடியும்வரை தூங்கவைக்க முடியாது என்றால் இந்த வேலையை அவளிடமே கொடுங்கள். பொடியில் இரண்டு மேசைக்கரண்டி கோகோ, இரண்டு மேசைக்கரண்டி பொடித்த சர்க்கரை. காலையில் டீக்குக் காய்ச்சிய பால் ஆறியிருக்கும் அல்லவா, அதைக் கரண்டி கரண்டியாக விட்டுச் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசையுங்கள்; ஐந்தாறு கரண்டிக்கு மேல் தேவைப்படாது. இன்னொரு கிண்ணத்தில் 50 கிராம் மிருதுவான வெண்ணெய், அரை கப் உலர்ந்த தேங்காய்த்துருவல், மூன்று கரண்டி பொடித்த சர்க்கரை. இது வெள்ளைப் பூரணம்.

பிளாஸ்டிக் தாள் மேல் கோகோ மாவை அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டி, பூரணத்தைத் தடவி, தாளைப் பிடித்தே பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டுங்கள். ஃப்ரிட்ஜில் இரண்டு மணி நேரம் வைத்தால் இறுகிவிடும். கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் துடைத்துவிட்டு வெட்டினால் கறுப்பும் வெள்ளையும் கலங்காமல் சக்கரம் சக்கரமாக வரும். இரவுப் பணி முடிந்து வருகிறவருக்கு இரண்டு சக்கரம் எடுத்துவைக்க மறக்காதீர்கள்.

கேள்வி: பிறந்தநாளன்று அடுப்பு மூட்டாமல் இருப்பதா? பாயசம் இல்லாத பிறந்தநாள் எங்கள் வீட்டில் கிடையாது.
*ஒரு பாட்டி, கும்பகோணம்*

அம்மா, பாயசத்தை நான் விடச் சொல்லவே இல்லை. தேங்காய்ப்பால் அவல் பாயசத்துக்கு அடுப்பு வேண்டாமே! வெல்லத்தைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டிக்கொள்ளுங்கள். சூடாக்காவிட்டால் கரைய அரை மணி நேரம் பிடிக்கும், வேறு வித்தியாசமில்லை. மெல்லிய அவலைக் கழுவிப் பிழிந்தாலே ஊறிவிடும். கெட்டி அவல் என்றால் கால் மணி நேரம் வேண்டும். முதல் தேங்காய்ப்பால், வெல்லத் தண்ணீர், அவல், ஏலக்காய், கடைசியில் இரண்டு வாழைப்பழத் துண்டு. பரிமாறுவதற்குச் சற்று முன் கலந்தால் போதும்.

அடுப்பில்லாத பலகாரம் உங்களுக்குப் புதியதும் அல்ல. ஸ்ரீராம நவமிக்கு வடைப்பருப்பும் பானகமும் நீர்மோரும் நீங்கள் செய்து வைத்ததுதானே? முருகனுக்குத் தேனும் தினைமாவும் பிசைந்ததில்லையா? பழனிப் பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, நெய், தேன், ஏலக்காய் எல்லாம் உண்டு. தண்ணீர் ஒரு சொட்டு கிடையாது. 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வீட்டில் பழத்தைப் பிசைந்து சின்னக் கிண்ணங்களில் வைத்துப் பாருங்கள். ஐஸ்கிரீம் கரண்டியோடு கொடுத்தால் பிள்ளைகள் வழித்துச் சாப்பிடுகிறார்கள். என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

ஒன்றே ஒன்று: விருந்துக்கு ஒரு வயது நிரம்பாத குழந்தை வந்தால், தேன் சேர்த்த எதையும் நாக்கில் தடவ வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் வித்துகள் அந்த வயதுக் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். பெரியவர்களை அது ஒன்றும் செய்யாது, பச்சைக் குழந்தைக்கு ஆபத்து.

கேள்வி: பச்சை மைதா மாவில் வெண்ணெய், சர்க்கரை, சாக்லேட் துண்டு போட்டுப் பிசைந்து அப்படியே சாப்பிடும் வீடியோக்கள் வருகின்றன. தங்கையின் பிறந்தநாளுக்குச் செய்யட்டுமா?
*பிளஸ் ஒன் மாணவி, மதுரை*

மைதாவில் வேண்டாம் கண்ணு. மாவு என்றால் சுத்தம் என்று நினைக்கிறோம். வயலிலிருந்து வந்த கோதுமை வெறுமனே அரைபட்டிருக்கிறது, நெருப்பைப் பார்க்கவில்லை. ஈ. கோலை, சால்மோனெல்லா போன்ற கிருமிகள் அதில் இருக்கலாம், வேகும்போதுதான் சாகும்.

மைதாவுக்குப் பதில் பொட்டுக்கடலை மாவு போடு. அது வறுபட்டது. ஒரு கப் மாவு, அரை கப் பொடித்த சர்க்கரை, நான்கு கரண்டி வெண்ணெய், பிசைந்த பிறகு சாக்லேட் துண்டுகள். வீடியோவில் வருவதைவிட மணம் கூடுதலாக இருக்கும். வெண்ணெய்க்குப் பதில் நெய் விட்டு, சாக்லேட்டை எடுத்துவிட்டால் அது உன் ஆச்சி பிடிக்கிற மாலாடு. ஆச்சியிடம் காட்டு, பதம் சரியா என்று அவர் ஒரு வாயில் சொல்லிவிடுவார்.

கேள்வி: சாண்ட்விச்சுக்கு மயோனைஸ் தடவலாமா?
*கோயம்புத்தூர்*

பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தது. தடை இருக்கிறதோ இல்லையோ, பிள்ளைகள் தட்டில் அது வேண்டாம். கெட்டித் தயிரைத் துணியில் கட்டி ஃப்ரிட்ஜில் மூன்று நான்கு மணி நேரம் தொங்கவிடுங்கள். தண்ணீர் வடிந்தபின் உப்பு, மிளகுத்தூள், துருவிய கேரட், பிழிந்த வெள்ளரித் துருவல் சேர்த்தால் தடவுவதற்குத் தயார். ரொட்டியை டம்ளர் வாயால் அழுத்தினால் வட்டம், டபரா வாயால் அழுத்தினால் பெரிய வட்டம்.

கேள்வி: என் மகன் வகுப்பில் ஒரு பையனுக்கு டைப் 1 சர்க்கரை நோய். அவனையும் அழைத்திருக்கிறோம். அவனுக்கு மட்டும் தனியாக வெல்லத்தில் செய்துவிடலாம் என்று இருக்கிறேன். சரிதானே?
*ஓர் அம்மா, வேலூர்*

அழைத்தீர்கள் பாருங்கள், அதற்கே உங்கள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பல வீடுகளில் பயந்துபோய் அந்தப் பிள்ளையை விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் வெல்லக் கணக்கு தப்பு. ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில் வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் வெள்ளைச் சர்க்கரைக்குச் சற்றும் சளைத்தவை அல்ல. “இது உனக்கு ஒன்றும் செய்யாது” என்று நம்பிக் கொடுத்தால், அவன் அம்மா போடும் இன்சுலின் கணக்கு பிசகிவிடும்.

டைப் 1 பிள்ளைக்கு இனிப்பு என்றாலே விலக்கு என்பதும் சரியல்ல. என்ன சாப்பிடுகிறான், எவ்வளவு, எப்போது என்று முன்கூட்டியே தெரிந்தால், அதற்கேற்ப இன்சுலின் அளவைக் கணக்கிட்டுக்கொள்வார்கள். ஆகவே இரண்டு நாள் முன்பே அந்த அம்மாவைக் கூப்பிட்டுப் பட்டியலைச் சொல்லுங்கள்: தேங்காய் உருண்டை ஒன்று சுமார் 20 கிராம், அதில் பாதி கண்டென்ஸ்டு மில்க்; பொரி ஒரு கப்; பழம் இத்தனை துண்டு. ஐந்து மணிக்கு என்று சொன்னால் ஐந்துக்கே பரிமாறுங்கள், ஊசி போட்டுக்கொண்டு அவன் பசியோடு காத்திருக்கக் கூடாது. ஓடி விளையாடும்போது சர்க்கரை திடீரென்று இறங்கினால் என்ன செய்வது என்பதையும் அவர்களிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி எல்லோருக்கும் வைக்கிற தட்டே அவனுக்கும். தனித் தட்டு வைத்தால் மற்ற பிள்ளைகளின் கண் முழுக்க அதன் மேல்தான் இருக்கும். அவனுக்கு அது தெரியும்.

வேர்க்கடலை, முந்திரி, பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளை யாராவது உண்டா என்பதையும் அழைக்கிறபோதே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: வாயிலிருந்து புகை வரும் ஸ்மோக் பிஸ்கட் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். அதற்கும் அடுப்பு வேண்டாமே?
*சென்னை*

வேண்டவே வேண்டாம். அந்தப் புகையை வரவழைக்கும் திரவ நைட்ரஜன் பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரிக் குளிர். புகை அடங்குமுன் விழுங்கினால் வாயும் உணவுக்குழாயும் இரைப்பையும் புண்ணாகும். 2024-இல் தமிழ்நாட்டு உணவுப் பாதுகாப்புத் துறையே இதுபற்றி எச்சரித்தது. உங்கள் பையன் விஷயத்தில் நான் கண்டிப்பான அத்தை.

கேள்வி: பஞ்சு மிட்டாய்?
*அதே வீட்டிலிருந்து இன்னொரு கையெழுத்தில்*

2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் அது தடையானதற்குக் காரணம், துணிக்கு ஏற்றும் ரோடமின் பி என்ற சாயம் அதில் கலந்திருந்ததுதான். இளஞ்சிவப்பு வேண்டுமென்றால் பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்து, தேங்காய் உருண்டையில் ஒரே ஒரு கரண்டி விடுங்கள். அசத்தலான நிறம் வரும், பீட்ரூட் ருசி தெரியாது.

கேள்வி: மே மாதப் பிறந்தநாள். கேக் உருகி வழிகிறது. வேறு வழி?
*ராமநாதபுரம்*

தர்பூசணிக் கேக். பழத்தின் மேலும் கீழும் வெட்டி நிமிர்த்தி, தோலைச் சுற்றிலும் சீவினால் சிவப்பு உருளை ஒன்று கிடைக்கும். அதைச் சுத்தமான துணியால் ஒற்றி ஈரம் எடுங்கள். ஈரத்தின் மேல் எதுவும் ஒட்டாது. திராட்சை, மாம்பழத் துண்டு, மாதுளை முத்து என்று பல்குச்சியில் குத்தி அலங்கரிக்கலாம். பரிமாறுமுன் ஒரு குச்சி விடாமல் எண்ணி எடுத்துவிடுங்கள்.

மெழுகுவர்த்தியைப் பழத்தில் குத்த வேண்டாம், பக்கத்தில் ஒரு இளநீர் ஓட்டில் நிறுத்துங்கள். காரணம் உண்டு. அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் கேக் கிரீம் மேல் மெழுகுவர்த்தியை ஊதிப் பார்த்தார்கள். ஊதாததைவிட ஊதியதில் சராசரியாக 1400 சதவீதம் கூடுதல் பாக்டீரியா இருந்ததாக 2017-இல் எழுதினார்கள். எப்போதும் நோய் வந்துவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை. சளி பிடித்த பிள்ளை ஊதுகிற நாளில் இளநீர் ஓடு கைகொடுக்கும்.

ராமநாதபுரத்து வெயிலுக்கு இன்னொரு கணக்கும் வேண்டும். வெட்டிய பழம், தயிர், கிரீம் சேர்ந்தவை 32 டிகிரிக்கு மேலான வெக்கையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. விளையாட்டு முடிந்து பிள்ளைகள் உட்கார்ந்த பிறகே வெளியே எடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. பணமும் அளவாகத்தான் இருக்கிறது. மகள் தோழிகள் எட்டுப் பேரைக் கூப்பிட்டுவிட்டாள்.
*ஓர் அம்மா, திருவண்ணாமலை*

எட்டுப் பேருக்கு ஃப்ரிட்ஜ் எதற்கு? ஒரு படி பொரி வாங்குங்கள். வெங்காயம், தக்காளி, மாங்காய், கொத்தமல்லி எல்லாவற்றையும் பொடிப்பொடியாக அரிந்து தனித்தனிக் கிண்ணத்தில் வையுங்கள். பொட்டுக்கடலை, உப்பு, கொஞ்சம் மிளகாய்த்தூள், எலுமிச்சை, ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய். இதை நீங்கள் கலக்காதீர்கள். ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொடுத்து, “உனக்குப் பிடித்ததைப் போட்டுக் குலுக்கு” என்று விட்டுவிடுங்கள். அச்சடிக்காத வெள்ளைத் தாளாக இருக்கட்டும், செய்தித்தாள் மை உணவில் ஏறும். எட்டுப் பேரும் அரை மணி நேரம் வேறு விளையாட்டே கேட்க மாட்டார்கள். குலுக்கியதும் தின்றுவிட வேண்டும், பத்து நிமிடம் போனால் பொரி நமுத்துவிடும்.

இனிப்புக்கு மேலே சொன்ன பொட்டுக்கடலை உருண்டை. குடிக்க மண்பானைத் தண்ணீரில் நன்னாரி சர்பத்தும் எலுமிச்சையும். உங்கள் விருந்து பெரிய விருந்துதான், அம்மா. பிள்ளைகள் தங்கள் கையால் கலந்து தின்றதைத்தான் வீட்டில் போய்ச் சொல்வார்கள்.

கேள்வி: மூன்று வயதுப் பிள்ளைகளும் வருகிறார்கள். எதில் கவனம்?
*நாகர்கோவில்*

தொண்டையில்தான். முழு வேர்க்கடலை, முழு முந்திரி, பாப்கார்ன், கெட்டி மிட்டாய், உறிஞ்சிச் சாப்பிடும் சின்னக் கப் ஜெல்லி ஆகியவை ஐந்து வயதுக்குக் கீழே வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நான்காகக் கீறுங்கள். குறுக்கே வெட்டினால் அது இன்னும் உருண்டையாகவே இருக்கும், மூச்சுக்குழாயை அடைக்கும். லட்டு உருண்டைகளை அவர்களுக்கு மட்டும் தட்டையாக அழுத்திக் கொடுங்கள். ஓடிக்கொண்டே தின்ன விடாதீர்கள்.

கேள்வி: மார்ஷ்மெல்லோ சைவமா?
*காஞ்சிபுரம்*

பெரும்பாலானவற்றில் ஜெலட்டின் உண்டு, அது விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் எடுப்பது. பொட்டலத்தில் பச்சை வட்டம் இருக்கிறதா பாருங்கள். ஹலால் பார்க்கும் பிள்ளைகள் வந்தாலும் இதே கவனம் வேண்டும்.

கேள்வி: பேரன் மெல்பர்னில். அங்கே பிறந்தநாளுக்கு வெறும் ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கலர் மணி தூவிக் கொடுக்கிறார்களாம். இதுவும் ஒரு பலகாரமா?
*ஒரு தாத்தா, காரைக்குடி*

அவர்களுக்கு அது பலகாரமேதான் ஐயா. ஃபேரி பிரெட் என்று பெயர், ஆஸ்திரேலியப் பிள்ளைகளின் பிறந்தநாளில் அது இல்லாமல் நடக்காது. வெள்ளை ரொட்டி, ஓரம்வரை வெண்ணெய், மேலே வண்ணச் சர்க்கரை மணிகள், முக்கோணமாக வெட்டு, ஆயிற்று. செட்டிநாட்டுப் பலகாரம் தின்ற நாக்குக்கு எளிமையாகத் தெரியலாம். பேரனுக்கு அது நம் வீட்டு அதிரசம் மாதிரி. அடுத்த முறை அவன் ஊருக்கு வரும்போது நீங்களே ஒரு தட்டு செய்து வையுங்கள்.

கேள்வி: எனக்கு ஒன்பது வயது. என் பிறந்தநாளுக்கு நானே ஏதாவது செய்யணும். கத்தி தொடக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க.
*நான்காம் வகுப்பு, திண்டுக்கல்*

தங்கமே, கத்தியே வேண்டாம். முதலில் சோப்புப் போட்டு இருபது எண்ணும்வரை கை கழுவு. கொட்டை எடுத்த பேரீச்சை ஒரு கப் வாங்கி, கையாலேயே நன்றாகப் பிசை. உள்ளே கொட்டை ஒன்றும் மாட்டவில்லையே என்று விரலால் தேடு. பொட்டுக்கடலை மாவு அரை கப், நெய் இரண்டு கரண்டி சேர். உருட்டு, தேங்காய்த்துருவலில் புரட்டு. எட்டு, பத்து வரும். கடைசி உருண்டையை உருட்டும்போது கையில் ஒட்டியிருப்பது முழுக்க உனக்கு.

கேள்வி: நாள் முழுக்க நின்று சமைத்தால்தானே பிள்ளைக்குச் செய்த திருப்தி? வாங்கிக் கலந்து கொடுப்பது மனசுக்கு ஒப்பவில்லை.
*ஓர் அம்மா, ஈரோடு*

உங்கள் மனசு எனக்குப் புரிகிறது. என் மகளின் ஐந்தாவது பிறந்தநாளுக்குக் காலை ஆறு மணிக்கு அடுப்படிக்குள் போனேன். கட்லெட், கேசரி, பூரி. அந்த ஆல்பத்தை இப்போதும் எடுத்துப் பார்ப்பேன். கேக் வெட்டும் படத்தில் என் மாமியார் இருக்கிறார், என் கணவர் இருக்கிறார், எதிர்வீட்டுப் பையன்கூட இருக்கிறான். நான் இல்லை, பூரி பொரித்துக்கொண்டிருந்தேன். எனக்காகக் காத்திருந்தால் கேக் கிரீம் வழிந்திருக்கும் என்று வெட்டிவிட்டார்கள். ஆறாவது பிறந்தநாளுக்கு அவல் பாயசமும் பொரியும்தான். அந்த வருடப் படத்தில் அவள் என் மடியில் இருக்கிறாள், என் புடவையெல்லாம் தேங்காய்த்துருவல்.

சமைக்க ஆசையாக இருந்தால் சமையுங்கள். கடமை என்று நிற்காதீர்கள்.

கேள்வி: மீந்த பொரி நமுத்துப் போய்விட்டது. கொட்டிவிடவா?
*திருநெல்வேலி*

கொட்டாதீர்கள். மசாலா கலக்காத பொரி என்றால் தாம்பாளத்தில் பரப்பி ஒரு மணி நேரம் வெயிலில் வைத்தால் மறுபடி மொறுமொறுக்கும். வெயில் இல்லையா, தண்ணீரில் முக்கி உடனே பிழிந்து வையுங்கள். கடுகு, கடலைப்பருப்பு, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, மஞ்சள்தூள் போட்டு, பொரியைச் சேர்த்து இரண்டு கிளறு. இறக்கி எலுமிச்சை பிழியுங்கள். மறுநாள் காலைப் பொரி உப்புமா. அடுப்பின் விடுமுறை ஒரு நாள்தானே!